வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு வலப்பக்கம் யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை. காருக்கு, பேருந்துக்கு, லாரிக்கு, பைக்குக்கு. இடப்பக்கம் மிஞ்சியிருக்கும் தார்ப்பட்டை யாருக்கு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். இளநீர்க் கடைக்காரர் அதைத் தன் கடை வாசல் என்பார். சுற்றுலா வேன் ஓட்டுநர், வண்டியை ஓரங்கட்டும் இடம் என்பார். கூடையோடு நிற்கும் மீன்காரம்மாவுக்கு அது நிழற்குடை இல்லாத பஸ் நிறுத்தம். சனி, ஞாயிறு விடியலில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி மிதித்து வருகிற சைக்கிள்காரர்களுக்கோ அதுதான் சாலையே.

இவர்கள் ஒருவரையொருவர் இடைஞ்சலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சைக்கிள்காரர் கடைக்காரரைத் திட்டுகிறார். கடைக்காரர், 'காசுள்ளவன் விளையாட்டு' என்று சைக்கிள்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார். கோட்டைத் தாண்டித் தடுமாறி வருகிற ஒரு காருக்கு இந்த வேற்றுமை எதுவும் தெரியாது. 2024 நவம்பர் 27 அன்று, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பண்டிதமேடு அருகே பழைய மாமல்லபுரம் சாலையின் ஓரத்தில் மாடு மேய்த்துவிட்டு உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் மீது கார் ஏறியது. ஐந்து பேரும் இறந்தார்கள். அவர்கள் சாலையைக் கடக்கவில்லை, சாலையில் நடக்கக்கூட இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே இது சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கோரிக்கையாக மட்டும் பேசப்படக் கூடாது. மெதுவாகப் போகிறவர்கள், நிற்கிறவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்குமான இடம் அந்த ஓரம். அதைப் பொதுச் சொத்தாகக் காப்பாற்ற எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சாலையின் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஊருக்கு ஊர் துண்டு துண்டாகக் கிடந்த பாதைகளை இணைத்து, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலோரமாக ஒரே சாலையாக்கி, 2002 முதல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். பிறகு அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை நடுத்தடுப்போடு நான்கு வழி ஆனது. உத்தண்டியோடு சென்னை மாநகராட்சி முடிகிறது. கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம், சாலவான்குப்பம், தேவனேரி எனச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முட்டுக்காட்டுப் பாலத்தில் ஏறினால் ஒரு கையில் கழிமுகம், மறு கையில் கடல். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். சவுக்குத் தோப்புகளுக்கு இடையில் திடீரென்று நீலம் தெரிந்து மறையும். மேடு பள்ளம் இல்லாத சாலை என்பதால் புதிதாக ஓட்டுகிறவர்களும் துணிந்து வருகிறார்கள். போகும்போது தோளைத் தட்டிக்கொடுத்த காற்று திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும் என்பதை அவர்கள் வெயில் ஏறிய பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

மலை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைச் சுற்றிக்கொண்டு கிளம்பி, சிறு குன்றுகளுக்கும் வயல்களுக்கும் நடுவே திருக்கழுக்குன்றம் போய், வேதகிரீசுவரர் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி மாமல்லபுரத்தில் இறங்கலாம். ஏறக்குறைய 30 கி.மீ. வண்டியை மின்ரயிலில் ஏற்ற முடிந்தால் எத்தனையோ பேர் கடற்கரைச் சாலையின் நெரிசலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருவார்கள். புறநகர் ரயில்களில் வியாபாரிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. ஞாயிறு காலை அதில் சைக்கிளுக்கும் இடம் கொடுப்பது பற்றி ரயில்வே யோசிக்கலாம்.

'சைக்கிள் ஓட்டம் பணக்காரப் பொழுதுபோக்கு' என்ற பேச்சுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். லட்ச ரூபாய் வண்டியில், இறுக்கமான வண்ணச் சட்டையில் வருகிறவர்கள் கண்ணில் படுகிறார்கள், உண்மைதான். 2021 ஜூலையில் முதல்வர் ஸ்டாலினே முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஹெல்மெட் அணிந்து மிதித்துப் போய், வழியில் ஒரு கடையில் டீ குடித்தார். செய்தித்தாள்கள் படம் போட்டன. படம் பிடிக்க ஆளில்லாமல் அதே ஓரத்தில் தினமும் போகிறவர்கள் வேறு சிலர். ரிசார்ட்டில் இரவு வேலை முடித்துத் திரும்பும் காவலாளி. சிற்பக் கூடத்துக்குப் போகும் கல்தச்சர். கேரியரில் மண்வெட்டியும் சாப்பாட்டுத் தூக்கும் கட்டிய கட்டட வேலைக்காரர். அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டு ஆயிரமாயிரம் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்த மாநிலம் இது. இங்கே சைக்கிளை மேட்டுக்குடி விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. லட்ச ரூபாய் வண்டிக்காரரின் பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்காவது இருக்கிறது. காவலாளியின் வண்டியில் பல சமயம் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோவளம் கூட்டுரோட்டுப் பக்கம் வந்து பாருங்கள். ஓரப் பட்டையில் முதலில் மணல். கடற்காற்று கொண்டுவந்து கொட்டியது, வாரக்கணக்கில் யாரும் பெருக்காதது. அடுத்து வெட்டிப் போட்ட இளநீர்க் குடுக்கைகள். அதைத் தாண்டினால் வரிசையாக நான்கு கார்கள், ஒரு வேன். வேனின் பின்னால் சைக்கிள் வருகிறது. அதன் டயரின் அகலம் கட்டைவிரலுக்குமேல் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மணலில் ஏறினால் வழுக்கும். வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடிபோன்ற கம்பிகள் மணலுக்குள் கிடந்தால் பஞ்சர். ஆகவே வேனைத் தாண்டுவதற்கு அவர் வெள்ளைக் கோட்டைவிட்டு வலப்பக்கம் வருகிறார். அதே நொடியில் நிறுத்திய காரிலிருந்து யாரோ கதவைத் திறக்கிறார்கள். அவர் இன்னும் ஓரடி வலப்பக்கம் ஒதுங்குகிறார். பின்னால் வருகிற கார் ஓட்டுநருக்கு இதில் எதுவும் தெரியாது. ஓரமாகப் போய்க்கொண்டிருந்த சைக்கிள் சட்டென்று குறுக்கே வந்ததாகத்தான் அவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கார்க்காரர், சைக்கிள்காரர், வேன் ஓட்டுநர், கதவைத் திறந்தவர், பெருக்காத துறை எனப் பழியை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொருவர் பங்கும் சிறியதுதான். சாவு மட்டும் ஒருவருக்கே முழுதாகப் போய்ச் சேருகிறது.

வேகத்தின் கணக்கையும் பார்க்கலாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார், 25 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளை நொடிக்கு 15 மீட்டர் வீதம் நெருங்குகிறது. தாழ்த்திய முகப்பு விளக்கில், விளக்கில்லாத ஒரு சைக்கிள் 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டால், மிச்சமிருப்பது மூன்று நொடிக்குச் சற்று அதிகம். அதற்குள் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், ஒதுங்க வேண்டும். கைப்பேசியைக் குனிந்து பார்த்து நிமிரும் நேரம் அது. நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் 2022இல் தமிழ்நாடுதான்: 64,105. அந்த ஆண்டில் இந்தியா முழுவதும் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். சைக்கிளில் போகிறவர் எவ்வளவு படித்தவராக, எவ்வளவு எச்சரிக்கையானவராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. கணினிச் சில்லு வடிவமைப்பில் உலகப் புகழ்பெற்ற அவ்தார் சைனி 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் விடியற்காலைச் சைக்கிள் ஓட்டத்தின்போது டாக்ஸி மோதித்தான் இறந்தார்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா மலையும் கடலும் சேர்ந்த தீவு. உலகெங்கிலுமிருந்து சைக்கிள்காரர்கள் அங்கே குவிகிறார்கள். மலைச் சாலைகள் குறுகலானவை. கொண்டையூசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதல பாதாளத்தில் கடல். நம் நான்கு வழிச் சாலையின் வசதியில் பாதிகூடக் கிடையாது. அங்கே இருப்பது ஒரு சட்டம்: சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டராவது விலக வேண்டும்; 2022 முதல், ஒரே திசையில் இரண்டு தடங்கள் உள்ள இடத்தில் அடுத்த தடத்துக்கு முழுதாக மாறித்தான் தாண்ட வேண்டும். சட்டம் என்பதைவிட, பின்னால் வரும் பேருந்து அவசரப்படாமல் காத்திருக்கும் பழக்கம் என்று சொல்லலாம். சைக்கிளில் வருகிறவர் செலவழிக்கும் பணத்தில் தன் ஊர் உணவகமும் விடுதியும் ஓடுகின்றன என்று அந்தப் பேருந்து ஓட்டுநருக்குத் தெரியும்.

நமக்கு இன்னும் பொருத்தமான முன்மாதிரி தைவான். அதுவும் மலைத்தீவு, ஜன நெருக்கமும் ஸ்கூட்டர் நெரிசலும் நம்மைப் போலவே. ஜயண்ட் சைக்கிள் நிறுவனத்தின் நிறுவனர் கிங் லியு 2007இல் தன் 73ஆம் வயதில் தீவைச் சைக்கிளிலேயே சுற்றி வந்தார். அதற்குப் பிறகு தீவைச் சுற்றுவது அங்கே ஏறக்குறைய ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. 2015இல் அரசு, 'முதலாம் எண் சைக்கிள் தடம்' என்று 900 கி.மீ.க்கு மேல் நீளும் பாதையை அடையாளமிட்டுத் திறந்தது. பெரும்பகுதி புதிதாகப் போட்டதல்ல. இருந்த சாலைகளின் ஓரங்களையே கோடு போட்டு, பலகை நட்டு, ஒழுங்குபடுத்தினார்கள். வழியிலுள்ள காவல் நிலையங்கள் பலவற்றில் காற்றடிக்கும் பம்பும் குடிதண்ணீரும் வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்துக்குள் ஒருவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு நுழைகிறார் என்பதே நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கலாம். செலவு பார்த்தால் ஒரு பம்பு, ஒரு குடம்.

தனிப்பாதை போட்டுவிட்டால் பிரச்சினை தீருமே என்பவர்களும் உண்டு. ஐதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி, மேலே சூரிய மின்தகடுக் கூரையோடு 23 கி.மீ. சைக்கிள் பாதை 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் அது ஊர்களைச் சீண்டாமல் ஓடுகிற வெளிவட்டச் சாலை. நம்முடையது குப்பங்களின் வாசல் வழியே போகிற சாலை. இங்கே கம்பிவேலி போட்டுத் தனிப்பாதை அமைத்தால், மீனவப் பெண்கள் சாலையைக் கடக்க இன்னொரு தடை. கடற்கரைப் பக்கம் இன்னும் கொஞ்சம் நிலம் கையகப்படுத்தல். வேலி போடாமல் விட்டாலோ அது ஆறே மாதத்தில் வாகன நிறுத்துமிடமாகிவிடும். இருக்கிற ஓரத்தைக் காப்பாற்றத் தெரியாதவர்களுக்குப் புதுப்பாதை எதற்கு என்பதே நம் கேள்வி.

'நாங்கள் சுங்கம் கட்டுகிறோம், சைக்கிள்காரன் என்ன கட்டுகிறான்?' என்ற குரலும் கேட்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் தேய்மானம் ஏறக்குறைய 16 மடங்காகும். அந்தக் கணக்கில் சைக்கிள் சாலையைத் தொட்டதாகவே எடுத்துக்கொள்ள முடியாது. பைக்குகளும் சுங்கம் கட்டுவதில்லை; அவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இனி சைக்கிள்காரர்களிடம் பேச வேண்டும், சற்றுக் கடுமையாகவே. குழுவாக வரும்போது இரண்டு பேர் இணையாகப் போவது மூன்றாகி, பேச்சு சுவாரசியத்தில் நான்காகி, ஒரு தடத்தையே அடைத்துக்கொள்ளும் காட்சி அடிக்கடி நடக்கிறது. முட்டுக்காட்டுப் பாலத்தின்மீது நின்று சூரியோதயப் படம் எடுப்பது இன்னொரு வழக்கம். பாலத்தில் ஓரம் குறைவு. கீழே இறங்கி எடுத்தாலும் அதே சூரியன்தான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுவது, சிவப்பு விளக்கில் 'நான் வண்டி இல்லையே' என்று நழுவுவது, ஆற்றலுக்கு உறிஞ்சிய 'ஜெல்' பொட்டலத்தைச் சவுக்குத் தோப்பில் எறிவது எல்லாம் இந்தச் சாலைக்கு விருந்தாளியாக வருகிறவர் செய்யக்கூடியவை அல்ல. டைனமோ விளக்கு இல்லாமல் போனால், 'டபுள்ஸ்' அடித்தால் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கெடுபிடி திரும்ப வர வேண்டாம். ஆனால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு என்ற ஒழுங்கு திரும்ப வரலாம். சைக்கிள் குழுக்கள் ஒவ்வொரு வாரமும் தங்களுக்குள் காட்டுகிற உற்சாகத்தில் ஒரு பங்கை, வழியிலுள்ள காவலாளிகளின், பள்ளிப் பிள்ளைகளின் வண்டிகளுக்குப் பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் ஒட்டித் தருவதில் செலவிட்டால், இந்தச் சாலையில் அவர்களைப் பற்றிய பேச்சே மாறும்.

வண்டி ஓட்டுகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரே திசையில் இரண்டு தடங்கள் இருக்கின்றன. விடிகாலை ஐந்திலிருந்து எட்டு வரை வலத் தடம் காலியாகவே கிடக்கிறது. தாண்டும்போது அதில் மாறிவிடுங்கள். இண்டிகேட்டரைத் தொடும் ஒரு விரல் வேலை. ஹாரன் வேண்டாம், பின்னாலிருந்து அலறும் ஏர்ஹாரன் சைக்கிள்காரரைத் திடுக்கிட வைத்து, எந்தப் பக்கம் தடுமாறக் கூடாதோ அந்தப் பக்கமே தள்ளும்.

எதிர்த்திசையில் வருகிற உள்ளூர்க்காரரை எல்லாரும் திட்டுகிறோம். பைக்கிலும் சைக்கிளிலும் 'ராங் சைடில்' அவர் வருவது ஆபத்துதான். ஆனால் பட்டிபுலத்துக் கொத்தனார் ஒருவர், எதிர்ச்சாரியில் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் வேலையிடத்துக்குப் போக, நடுத்தடுப்பில் திறப்பு எங்கே இருக்கிறதோ அதுவரை போய்ச் சுற்றி வர வேண்டும். காரில் வருகிறவருக்கு அது இரண்டு நிமிடம். மிதித்து வருகிறவருக்கு வெயிலில் கால்மணி நேரம். தடுப்பைத் திட்டமிட்டவர்கள் அந்த ஊர்க்காரரை மனத்தில் வைத்திருக்கவில்லை. ஊர் மன்றங்களையும் மீனவர் பஞ்சாயத்துகளையும் கேட்டு, எங்கெங்கே கடக்க வழி வேண்டும் என்று முடிவெடுத்திருந்தால் பாதி எதிர்த்திசை ஓட்டம் தானாக நின்றிருக்கும். இப்போதும் கேட்கலாம்.

கடைக்காரர்களை விரட்டுவது நம் யோசனையில் இல்லை. அந்த இளநீரும் வறுத்த மீனும் இல்லாமல் இந்தச் சாலை இல்லை. கடை ஓரப் பட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்க வேண்டும், வாடிக்கையாளரின் வண்டியும் அதற்கப்பால் நிற்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஊராட்சியும் ஓரிடத்தைச் சமன் செய்து கொடுத்தால் போதும். பெரிய ரிசார்ட்டுகளும் பொழுதுபோக்குப் பூங்காக்களும் தங்கள் வாசலுக்கு முன்னால் வண்டிகளை வரிசை கட்டி நிற்க விடுகின்றன; அவர்களுக்கு உள்ளே இடம் இல்லாமல் இல்லை. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. 33 அளவுகோல்களை நிறைவு செய்து, ஆண்டுதோறும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் விதி. அரசும் ஊரும் சேர்ந்து ஒரு கடற்கரையை அப்படிப் பார்த்துக்கொள்ள முடிகிறதென்றால், அதற்கு வந்து சேரும் சாலையின் ஓரத்தைப் பார்த்துக்கொள்வது எட்டாத காரியம் இல்லை.

எட்டாததாகத் தோன்றுவதற்குக் காரணம் பொறுப்பு சிதறிக் கிடப்பதுதான். சாலைக்கு ஒரு துறை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே தேசிய நெடுஞ்சாலை ஆணையம், குப்பைக்கு ஊராட்சி, வடக்குப் பகுதிக்குத் தாம்பரம் காவல் ஆணையரகம், தெற்கே மாவட்டக் காவல்துறை. விபத்து நடந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் இந்த மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்ல ஒன்றுகூடத் தெரிந்த துறைகள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளவும் ஒரே மேசைக்கு வரலாம். மேசை ஏற்கெனவே இருக்கிறது: ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு.

முழுச் சாலைக்கும் ஒரே நாளில் திட்டம் போட வேண்டியதில்லை. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள 20 கி.மீ. சொச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். குழுவின் அடுத்த கூட்டத்துக்கு நெடுஞ்சாலைத் துறையும் காவல்துறையும் மட்டுமன்றி, ஊராட்சித் தலைவர்கள், குப்பங்களின் நாட்டார்கள், வேன் ஓட்டுநர் சங்கங்கள், கடைக்காரர்கள், சைக்கிள் குழுக்களிலிருந்து ஒருவர் இருவர், முக்கியமாக அந்த ஓரத்தில் தினமும் நிற்கிற மீன்காரம்மாக்களில் இரண்டு பேர் அழைக்கப்பட வேண்டும். ஓரத்தை வாரம் ஒருமுறை பெருக்குவது யார், வார இறுதியில் எட்டு மணி வரை அங்கே வண்டி நிறுத்துவதைத் தடுப்பது யார், நடுத்தடுப்பில் எந்தெந்த ஊருக்கு வழி விடுவது என்ற மூன்றுக்கும் பெயரும் தேதியும் குறிக்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ஓரம் தண்ணீருக்கும் மணலுக்கும் அடியில் போய்விடும். அழிந்திருக்கும் வெள்ளைக் கோட்டை அதற்கு முன்பே மறுபடி போட்டுவிட வேண்டும்.